இடுப்பளவு தண்ணீர்

ஓடையைச் சீரமைக்க வந்த இன்ஜினியர், கரையில் தண்ணீர் விட்டுப்போயிருந்த தடம் வரைக்கும் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா இறங்கி வந்தாள். "வேலை செய்றவரைத் தொந்தரவு பண்ணாத, வா" என்று கணவர் பின்னாலேயே வந்தார்.

"பெரிய வெள்ளத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டுவீங்களா தம்பி?"

"இல்லம்மா. ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கரை நிரம்ப வருதே, அந்தத் தண்ணிதான் ஓடையோட அகலம், ஆழத்தையெல்லாம் உருவாக்குது. அதைத்தான் கணக்குப் போடுறோம்."

"போன மழைக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

"அதுவும் கரை அளவுக்குத்தான். இடுப்பு வரைக்கும்."

"ஆளை இழுத்துட்டுப் போயிடாதா?"

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"ஒரே பையன். உங்க உயரம் இருப்பான்."

"அப்புறம் என்னம்மா பயம்? இங்க தரை சமம், தண்ணி மெதுவாத்தான் போகும். விழுந்தாலும் எந்திரிச்சு நின்னா போதும், நடந்தே கரையேறிடலாம்" என்று சிரித்தார்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். வாசலுக்கு வந்ததும் கணவரைப் பார்த்தாள்.

"கால் வழுக்கிடுச்சு, தண்ணி அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"நம்ம புள்ள ஏங்க எந்திரிச்சு நிக்கல?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவனைத் தூக்க இறங்கினது நான்தானே. எனக்கு இடுப்புக்குக்கூட வரல."