சிமெண்டுத் தரையில் ஒரு மெடிக்கல்

“ரிஜெக்ட்!” என்றார் மிலிட்டரி கண்ணாயிரம்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படும் பையன்கள், முதலில் இவர் வீட்டு வாசலில் பாஸாக வேண்டும். பக்கெட் தண்ணீரில் காலை முக்கிச் சிமெண்டுத் தரையில் நாலடி நடக்கச் சொல்வார். ஈரத்தடத்தின் நடுவில் வளைவு விழுந்தால் பட்டாளம், விழாவிட்டால் வீடு.

“முழுப் பாதமும் அப்பிக் கெடக்குது பாரு, தோசை ஊத்துன மாதிரி” என்றார் இளவரசுவிடம். “இந்தத் தட்டைக் கால வச்சிக்கினு பார்டர்ல நடந்தா பாதி வழியில ஒக்காந்துடுவ. ஊட்டுக்குப் போ.”

“ஓட்டத்துல நான்தான் மாமா ஃபர்ஸ்ட்டு. தேவனாம்பட்டினம் பீச்சுல ஓடற பசங்களக் கேட்டுப் பாருங்க.”

“நாய்கூடத்தான் ஓடுது. அதையும் பட்டாளத்துல சேத்துக்குவானா? எனக்குத் தெரியாததாடா?”

அவருக்குத் தெரியாததா! வாலிபத்தில் பட்டாளத்துக்கு என்று ரயிலேறியவர், தலை நரைத்த பிறகுதான் ஊர் திரும்பினார். மீசையும் ஒட்ட வெட்டிய கிராப்பும் இன்னும் டியூட்டியில் இருந்தன. வீட்டுக்குள்கூடக் கான்வாஸ் ஷூவைக் கழற்ற மாட்டார். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனால், கோபுர வாசலுக்கு வெளியிலேயே நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். “சிப்பாய் ஷூவக் கழட்டுனா சரண்டர்னு அர்த்தம்” என்பார். நடராஜரும் ஒற்றைக் காலில் நிற்கிறவர்தானே, கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மொபைல் கவர் விற்கிறான். இன்னொருவன் பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறான். தட்டைக் கால்காரர்களிடமிருந்து நாட்டைக் காப்பாற்றிய பெருமை அந்தச் சிமெண்டுத் தரைக்கே சேரும்.

இளவரசுவிடமிருந்தும் போன வருஷமே காப்பாற்றிவிட்டது. அவர் பேச்சைக் கேட்டு அவன் விண்ணப்பமே போடவில்லை. இந்த வருஷம் மனசு கேட்காமல் விண்ணப்பம் போட்டுப் பரீட்சை எழுதினான், பாஸானான், கடலூர் மைதானத்துக்கு ஓட வரச்சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. இதை விட்டால் வயசு தாண்டிவிடும். ஒருவேளை கால் திருந்தியிருக்குமோ என்ற நப்பாசையில்தான் மறுபடியும் வந்து நனைத்தான்.

வீட்டில் வந்து மூலையில் உட்கார்ந்தவனை அக்கா பவானி விடவில்லை. “அங்க காலப் பாக்கப்போறது டாக்டரா, கண்ணாயிரம் மாமாவா? டாக்டரு வாணாம்னு சொல்லட்டும், வந்துடு. அதுக்கு முன்னாடி நீயே இன்னாத்துக்கு வாணாம்னு சொல்லிக்கிற?”

போனான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். மெடிக்கலில் கால் மாட்டிக்கொண்டது. டாக்டர் குனிந்து பாதத்தையே பார்த்தார், இந்தியில் ஏதோ சொன்னார். இளவரசுவின் கண்முன் கண்ணாயிரத்தின் மீசை வந்து நின்றது. அழுகையும் கூடவே வந்தது.

டாக்டர் மறுபடியும் சொன்னார். புரியாமல் விழித்தவனுக்கு, தானே நுனிக்காலில் நின்று காட்டினார். அவனும் அப்படியே நின்றான்.

திரும்பி வந்த இளவரசு தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கண்ணாயிரத்தின் வாசலுக்கு வந்தான். காலில் விழுந்து ஆசி வாங்குவதற்காக அல்ல.

“ஃபிட்டுனு சொல்லிட்டாங்க மாமா.”

“சான்சே இல்ல. அந்த டாக்டருக்குக் கண்ணு தெரியல.”

இளவரசு அதே பக்கெட்டில் காலை முக்கி நாலடி நடந்தான். அதே தோசைதான் விழுந்தது. “பாத்துக்கினீங்களா? இப்ப பாருங்க” என்று குதிகால்களைத் தூக்கி நுனிக்காலில் நின்றான். அதுவரை இல்லாத வளைவு, பாதத்துக்கு அடியில் அழகாக எழும்பியது.

“இப்பிடி நின்னா வளைவு வந்துடணுமாம். வலி இல்லாம, கால் நல்லா மடங்கி நிமுந்தா போதுமாம். நுனிக்கால்ல நின்னும் வளைவு வராத கால்தான் வாணாமாம். அங்க இருந்த தமிழ்க்காரரு சொன்னாரு.” இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. “எத்தினி பேர ஊட்டுக்கு அனுப்பிட்டீங்க! பட்டாளத்துல இருந்தவருக்கு இதுகூடவா மாமா தெரியாது?”

திட்டு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. கண்ணாயிரம் அவன் பாதத்தைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஊரில் யாருமே பார்த்திராத அந்தக் கால்கள், வெயிலே படாமல் வெளுத்துக் கிடந்தன. பக்கெட்டில் முக்கி எடுத்து நாலடி நடந்தார். இளவரசுவின் தடத்துக்குப் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே தோசைகள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நுனிக்காலில் நின்றார். கிழட்டுப் பாதம் நடுங்கியது. ஆனாலும் வளைவு எழும்பியது.

குனிந்து அதைப் பார்த்தவரின் மீசை துடித்தது.

“என்னை ரிஜெக்ட் பண்ணப்ப ஒருத்தனும் குதிகாலத் தூக்கச் சொல்லலியேடா!”