முப்பத்திரண்டு இழைகள்

தேர்வு அலுவலகம் ஒன்றில் ஒரு பழைய கணினி இருந்தது. மறுநாள் தேர்வு. பன்னிரண்டாயிரம் ஹால் டிக்கெட்டுகளை மாலை ஐந்து மணிக்குள் தயாரித்து அனுப்பியாக வேண்டும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் கேட்டது: "ஒரே சமயத்துல எத்தனை இழை, அதாவது எத்தனை வேலை, ஓட்டட்டும், அண்ணே? ஒரு இழைக்கு ஒரு டிக்கெட்."

கணினியால் நான்கைத்தான் தாங்க முடியும். ஆனால் போன வாரம் வந்த புது மடிக்கணினி பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு போடு" என்றது கணினி.

முப்பத்திரண்டு டிக்கெட்டுகளும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றைக் கவனிக்க மற்றதை நிறுத்த வேண்டியிருந்தது. எதுவும் சீக்கிரம் முடியவில்லை. விசிறி அலறியது, உடம்பு கொதித்தது. மணி மூன்றாகியும் நானூறுகூட முடியவில்லை.

"அண்ணே, இப்படியே போனா நீங்களே நின்னுடுவீங்க. நாளைக்குப் பிள்ளைங்க தேர்வு எழுத முடியாது. உண்மையைச் சொல்லுங்க" என்று கெஞ்சியது மென்பொருள்.

கணினி ஒருமுறை பக்கத்து மேசையைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "எனக்கு நாலுதான் முடியும்."

மென்பொருள் உடனே எண்ணை மாற்றியது. அதன்பின் டிக்கெட்டுகள் நான்கு நான்காக, மளமளவென்று வெளியேறின. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி டிக்கெட்டும் போய்ச் சேர்ந்தது.

விசிறி அடங்கியதும் புது மடிக்கணினி மென்பொருளைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது.

"நான் எல்லார்கிட்டயும் எனக்கு அறுபத்துநாலு இழை முடியும்னு சொல்லி வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாம அதை எட்டாக்கிடுறியா?"