ஒத்துப்போகிற வரைக்கும்

"மறுபடியுமா?" என்று கத்தினான் கைர்கென்.

கொஸ்தனாய் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தானியக் கிடங்கு. பரிசோதனை அறை ஜன்னலுக்கு வெளியே விடியற்காலையிலிருந்து கோதுமை லாரிகளோடு வரிசையில் நிற்கிறோம். பனித்தூறல் வேறு.

உள்ளே ரவ்ஷான் அக்கா ஒரு பித்தளைப் படியில் கோதுமையைக் கொட்டி, மேலே நிற்பதைத் தகட்டால் வழித்துவிட்டுத் தராசில் வைப்பாள். ஒரு படி கோதுமை என்ன கனம் இருக்கிறது? அவ்வளவுதான் சோதனை. கனம் இருந்தால் ரொட்டி மாவுக்குப் போகும். கொஞ்சம் குறைந்தாலும் மாட்டுத் தீவனம், பாதி விலை. ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு படியில் இருக்கிறது.

அறுவடை சமயத்தில் பெய்த மழையில் இந்த வருஷம் எல்லோர் கோதுமையும் ஊதிக் கனம் குறைந்து கிடந்தது.

ஆளுக்கு இரண்டு தடவை அளப்பது வழக்கம். இப்போது அக்கா மூன்றாவது தடவை அளக்கப்போவது செரிக்போலின் கோதுமையை. செரிக்போல் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"எங்களுக்கு ரெண்டு, தம்பிக்கு மட்டும் மூணா?" கைர்கென் ஜன்னல் கட்டையைத் தட்டினான்.

"ரெண்டும் ஒத்துப்போகல கைர்கென். ஒத்துப்போற வரைக்கும் அளந்துதான் ஆகணும்." அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுவடை தொடங்கியதிலிருந்தே அவள் குரலில் உயிர் இல்லை.

"ஒத்துப்போற வரைக்குமா, தேறுற வரைக்குமா?"

வரிசை சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

"எல்லாரும் இன்ஜினை நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"ஏன், கோதுமைக்குத் தூக்கம் கெடுதா?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினோம். வண்டிக்குள் இருந்த சூடும் போயிற்று. அக்கா லாரியின் நாலு மூலையிலிருந்தும் எடுத்து வைத்திருந்த கோதுமையை மறுபடி கலந்தாள். காற்று தராசில் படாமல் அறைக் கதவைச் சாத்தினாள். கொட்டினாள், வழித்தாள், நிறுத்தாள். தராசு நிலைக்கு வரும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் நாடகம்" என்றான் கைர்கென். "பாரு, இப்ப தேறிடும்."

அக்கா எங்களைப் பார்க்காமல் சொன்னாள்: "தீவனம்."

கைர்கென் ஜன்னல் கட்டையிலிருந்து கையை எடுத்தான்.

செரிக்போல் ஜன்னலுக்கு ஓடி வந்தான். "அக்கா! மொத தடவை தேறிடிச்சுன்னு நீதானே சொன்னே?"

"அப்ப பின்னாடி சரக்கு ரயில் போச்சுடா. மேஜை ஆடிச்சு. படியைக் குலுக்கினா கோதுமை அமுங்கும், கூடுதலாக் கொள்ளும். அது ரயில் ஏத்தின கனம்டா. உன் கோதுமையோடது இல்ல."

"அதையே எழுதியிருந்தா என்ன குடியா முழுகிடும்? யாரு கேக்கப் போறாங்க?"

அக்கா படியிலிருந்த கோதுமையைத் திரும்பக் கொட்டினாள். "ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வருவேல்ல?" என்று கேட்டாள்.

"நீயே சாப்பிடு." லாரிக் கதவை அறைந்து சாத்திவிட்டு அவன் போய்விட்டான்.

அக்கா காலிப் படியைத் துணியால் துடைத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கைர்கென் குல்லாயைக் கழற்றினான். "என் நாக்குல முள்ளு குத்த. மன்னிச்சுடுங்கக்கா. உங்கள மாதிரி நாலு பேரு இருக்கறதாலதான் ஊர்ல மழை பெய்யுது."

"அந்த மழைதாண்டா நம்மளக் கெடுத்துச்சு!" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

"போதும்" என்றாள் அக்கா. "அடுத்தது யாரு?"

"நான்தாங்க்கா" என்றான் கைர்கென்.

அக்கா அவனுடைய கோதுமையில் ஒரு பிடி அள்ளி விரலால் நெருடிப் பார்த்தாள். "இதுவும் ஊதித்தான் கிடக்கு" என்று பெருமூச்சு விட்டாள்.

கைர்கெனின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ஒரு நொடிதான். லாரிக்கு ஓடினான். பிளாஸ்க்கும் ஒரு துணி மூட்டையுமாகத் திரும்பி வந்து, பால் கலந்த டீயை ஊற்றி, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி இரண்டையும் ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"மொதல்ல டீயைக் குடிங்கக்கா."

"வரிசை நிக்குதேப்பா."

"நிக்கட்டும்! இன்னும் கொஞ்சம் நின்னா காலு தேஞ்சா போயிடும்? நீங்க உக்காந்து நிதானமா குடிங்க. நிதானமா அளந்தாத்தான் சரியா வரும்."

காலையிலிருந்து குதித்தவன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு? மனுஷன் ஒரே நாளில் திருந்திவிட்டானே என்று எங்களுக்கெல்லாம் மனம் இளகிவிட்டது. அக்காவும் லேசாகச் சிரித்து டீயைக் கையில் எடுத்தாள்.

கைர்கென் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். அடுத்து நின்ற என் காதிலும் விழுந்தது.

"அடுத்த சரக்கு ரயில் எத்தனை மணிக்குக்கா?"