ஊரோடு நெருக்கம் போதாது

"பாவித்து முடிந்த பற்றரிகளை எங்கே போடுவீர்கள்?"

கேட்டவர் மூவரில் இடப்பக்கம் இருந்தவர். கண்ணாடிக்காரர்.

பதில் அவளுக்குத் தெரியும். கேட்டவரையும் தெரியும்.

இந்த மனிதரின் அலுவலகம் இதே நகரசபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். பன்னிரண்டு வருடமாக அவருடைய காகிதக் கூடைக்குள்ளிருந்து பற்றரி பொறுக்கி எடுக்கிறவள் அவள். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. அப்படி என்னத்துக்குத்தான் பாவிக்கிறாரோ.

"கடை வாசலில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் போடுவேன்."

ஜெர்மன்காரரின் டொச் மொழியில் தடுமாறாமல் சொல்லிவிட்டாள்.

"மிகச் சரி. இங்கேயே பிறந்த சிலருக்கு இது தெரிவதில்லை," என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

சுவிஸ் குடியுரிமை நேர்முகத்துக்கு அவள் வருவது இது இரண்டாம் தரம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மூவரும் ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயரைக் கேட்டார்கள். நாளுக்கு இரண்டு தரம் அதன் பாலத்தைக் கடக்கிறவள். வாய்க்குள் வந்த பெயர் வெளியே வரவில்லை. அன்றைக்குப் புருசனும் மகளும் தேறிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் கடிதம் வந்தது.

ஊரோடு நெருக்கம் போதாது என்று எழுதியிருந்தார்கள்.

அந்த ஊரின் கழிப்பறைகளோடு அவளுக்கு இருந்த நெருக்கம் கணக்கில் வரவில்லை.

லண்டனில் அக்கா. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் கிடக்கிறவள். எங்கும் பயணம் போக முடியாது. இலங்கைப் பாஸ்போட்டுக்கு இரண்டு தரம் விசா மறுத்தாயிற்று. அக்கா மகனின் கலியாணத்துக்குப் புருசனும் மகளும் பறந்தார்கள். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து போனில் பார்த்தாள்.

ஒன்றரை மணி நேரப் பறப்பு. பத்தொன்பது வருடம் பார்க்காத அக்கா.

இன்றைக்கும் தவறினால் இன்னும் இரண்டு வருடம். அக்கா அதுவரை தாங்குவாளோ தெரியாது.

நடுவில் இருந்த தலைவி கோப்பைப் புரட்டினார். வெள்ளைத் தலை, மெல்லிய குரல்.

"இந்த ஊரில் யாரை எல்லாம் உங்களுக்குத் தெரியும், திருமதி குகநேசன்?"

போன தரம் இந்தக் கேள்விக்கு மூன்று தமிழ்க் குடும்பங்களின் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டவள். இம்முறை மகள் ஒரு பட்டியலே எழுதிக்கொடுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பேக்கரிக்காரர், பாட்டுக் குழுவை நடத்துகிற மனுசி. மூன்று வாரம் பாடமாக்கினாள்.

ஒரு பெயரும் வரவில்லை.

தண்ணீர் குடித்தாள். மூவரும் காத்திருந்தார்கள். வலப்பக்கம் இருந்த மொட்டைத்தலைக்காரர் பேனையை மூடத் தொடங்கினார்.

"உங்களைத் தெரியும்," என்றாள் அவரைப் பார்த்து.

பேனை நின்றது.

"நீங்கள் பங்குனி மாதத்திலிருந்து சிகரெட் குடிப்பதில்லை. உங்கள் யன்னல் விளிம்பில் இப்போது சாம்பல் இல்லை. நல்ல விசயம்."

தலைவியைப் பார்த்தாள்.

"முதலாம் மாடி, மூலை அறை. நீங்கள் லீவில் போனால் உங்கள் பூச்செடிக்கு நான்தான் தண்ணீர் விடுவேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் மூன்றாம் மாடி."



நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துப் பற்றரி.

"நிறைய வேலை செய்கிறவர்," என்று முடித்தாள்.

அவருடைய காது இரண்டும் சிவந்தன.

"காலை ஐந்து மணிக்கு இந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்வது நான். பன்னிரண்டு வருடமாக."

கோப்பில் துப்புரவுக் கொம்பனியின் பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கே துடைக்கிறாள் என்று அதில் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தலைவி பழைய கடிதத்தை எடுத்தார். நான்கே வரிதான். நெடுநேரம் வாசித்தார். கீழே இருந்தது அவருடைய கையெழுத்து.

பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

"கடிதம் பிறகு வரும். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் மூவருக்கும் சம்மதம்."

மூச்சு வெளியே போனது. எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்த மூச்சோ. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நன்றாகப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எழுந்தாள். மூவருக்கும் கை கொடுத்தாள்.

கொடுத்த கை தன்பாட்டில் மேசைக்குப் போனது. நான்கு கண்ணாடிக் குவளைகளையும் ஒன்றாய்ச் சேர்த்தது.

"வையுங்கள், வையுங்கள்," என்றார் தலைவி. "காலையில் யாராவது வந்து எடுப்பார்கள்."



தலைவியின் கை மெல்ல வாய்க்குப் போனது.

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு மொட்டைத்தலைக்காரர். கண்ணாடிக்காரர் கடைசியாக, பயந்து பயந்து.

குவளைகளை மேசையிலேயே வைத்தாள்.

வெளியே, அவளுடைய குளிர்ச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு புருசன் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"என்னவாம்?"

"அக்காவுக்குப் போன் எடுங்கோ."

அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு தரம் எண்ணைத் தவறாக அழுத்தினார். அவளே வாங்கி அழுத்தினாள். அங்கே மணி அடிக்கத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நாளைக்குக் காலமை நான் அஞ்சு மணிக்கில்லை, ஆறு மணிக்குத்தான் வேலைக்குப் போவன். குவளையள் காத்திருக்கட்டும்."