உள்ளங்கையில் எடை

அடுத்த வருடம் மலைக்கு வருவதில்லை என்று அறக்கட்டளைக்காரர்கள் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார்கள். குழந்தைகளை எடைபோட மாதாமாதம் தொங்குதராசோடு வந்தும் நாலு குழந்தைக்கு மேல் சேரவில்லை. எடையை நோட்டில் எழுதுபவள் அந்த ஊர்ப் பத்தாம் வகுப்பு இந்துமதி. அவள் தம்பி நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தான். அவனையும் அம்மா தராசுப் பக்கம் கொண்டுவந்ததில்லை.

"இங்க அம்மாக்களுக்கு அக்கறை இல்ல சார்" என்று அறக்கட்டளைத் தலைவரிடம் சொன்னார், எடை பார்க்க வரும் டாக்டரம்மா.

"அக்கறைதான் மேடம்" என்றாள் இந்துமதி. "நீங்க எடைய ஊருக்கே கேக்குற மாதிரி கூவுறீங்க. கண்ணு பட்டுரும்னு பயப்படுறாங்க."

"மூணு வருஷமா ஏன்டி சொல்லல?"

"திட்டுவீங்கன்னுதான்."

"இப்பவும்தான் திட்டப்போறேன்" என்று சிரித்தவர், "இன்னும் ஒரு மாசம் பாப்போம் சார்" என்றார்.

மறுமாதம் அவர் வாயே திறக்கவில்லை. முள்ளைப் பார்த்து, எடையை இந்துமதியின் உள்ளங்கையில் விரலால் எழுதினார். "டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு மௌன விரதமாடி?" என்று பெண்கள் கேலி பேசினார்கள். மதியத்துக்குள் வரிசை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டது.

அதன் கடைசியில் முந்தானைக்குள் தம்பியை மூடிக்கொண்டு அம்மா நின்றாள். அவன் முறை வந்ததும் டாக்டரம்மா உள்ளங்கையில் மெதுவாக எழுதினார். இந்துமதி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா நிமிர்ந்து, அன்றைக்கு முதல்முறையாகச் சத்தம் போட்டார்: "சார், அடுத்த வருஷத்துக்கு ரெண்டு தராசு!"