முதல் கோப்பை

பரிமாறும் தட்டை ஏந்தியபடி அவள் சுவரோரம் நின்றாள்.

நீண்ட மேசை. வெள்ளை விரிப்பு. விருந்தினர் அத்தனை பேரும் அந்தப் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்ட முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் போத்தல். பத்து வருடம் நிலவறை இருட்டில் கிடந்த ஷாம்பெயின். இன்றுதான் முதன்முதலாகத் திறக்கிறார்கள்.

போத்தலின் கழுத்தில் அறுவடை வருடம் பொன்னெழுத்தில் இருந்தது.

அந்த வருடத்துக்காகத்தான் இந்த விருந்தில் பரிமாற அவள் தானே கேட்டு வந்தாள்.

"அந்தக் கோடையின் வெயில் எங்களுக்குக் கிடைத்த வரம்," என்றார் முதலாளி. "அப்படி ஒரு பழம் அதற்குப் பிறகு பழுக்கவே இல்லை."

வரமாம்.

அந்த வரத்தில்தான் அவள் புருசன் திராட்சை வரிசைக்கு நடுவே குப்புற விழுந்தான். கையில் கத்தரிக்கோல். பக்கத்தில் பாதி நிறைந்த வாளி.

தண்ணீர் வண்டி மத்தியானம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது. அவனுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

அன்று புருசனின் பெயரைச் சொல்லி இதே வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. ஒரு பெண் வெளியே வந்து சொன்னாள்: அவன் ஒப்பந்தக்காரன் கூட்டி வந்த ஆள். எங்கள் ஆள் இல்லை. அப்படி ஒரு பெயரே எங்களுக்குத் தெரியாது.

முதலாளி கோப்பையைச் சாய்த்து ஊற்றினார். நுரை எழுந்து அடங்கியது.

"ஐந்து தலைமுறையாக இங்கே எதுவும் மாறவில்லை. இந்தத் தோட்டத்துக்குள் இயந்திரம் நுழைந்ததில்லை. ஒவ்வொரு குலையையும் எங்கள் கைகளால் பறிக்கிறோம்."

எங்கள் கைகள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் பாவி. செத்தால் ஒப்பந்தக்காரனின் ஆள். பறித்தால் இவனுடைய கை.



அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறுவடையின் போத்தலை முதன்முதலாகத் திறக்கும்போது முதல் கோப்பை சுவரில் தொங்கும் கொள்ளுத் தாத்தாவின் படத்துக்கு. அதைப் படத்தின் கீழே வைத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். இவர்களுக்கும் படையல் உண்டு.

முதலாளி அந்தக் கோப்பையை அவளுடைய தட்டில் வைத்தார். கண்ணால் படத்தைக் காட்டினார்.

அவள் நடந்தாள்.

படத்தைத் தாண்டினாள்.

மேசையின் கடைசியில், வராத விருந்தாளி ஒருவரின் நாற்காலி காலியாக இருந்தது. கோப்பையை அதன் முன்னால் வைத்தாள். ஒருவர் வந்து உட்காரத் தோதாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த சீமாட்டி சிரித்துக்கொண்டே கோப்பைக்குக் கை நீட்டினாள்.

"தொடாதேங்கோ. இதில ஆள் இருக்கு."

பிரெஞ்சு மறந்துபோய்த் தமிழ்தான் வந்தது. ஆனாலும் நீட்டிய கை பின்வாங்கியது.

ஊற்றிய கோப்பைகள் ஊற்றியபடியே இருந்தன. படத்துக்கு வைக்காமல் ஒருவரும் குடிக்க முடியாது.

முதலாளி எழுந்து வந்தார். விருந்தினருக்காக முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நாளைக்கு அவளை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்ல அவருக்கு அவள் பெயர் வேண்டியிருந்தது. குனிந்து, காதருகே கேட்டார்.

"உன் பெயர் என்ன?"

பத்து வருடத்தில் இந்த வீடு முதன்முறையாக ஒரு பெயரைக் கேட்கிறது.

அவள் மேசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நாகலிங்கம் குணசீலன்."