பதினான்கு நாள் இடுப்பு

வெள்ளிக்கிழமையோடு என் இடுப்பு சரியாகிவிடும் என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

எழுபத்திரண்டு வயதில் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவளுக்கு ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் நடைப்பயிற்சி போதுமாம். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டுமாம்.

இன்று புதன். காலையில் பயிற்சி தருகிறவள் என்னை நடக்க வைத்தாள். ஆறு அடி. ஏழாவதில் அவள் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

இன்னும் ஒரு வாரமாவது வேண்டும் என்று அவள் எழுதி அனுப்பினாள். கம்ப்யூட்டர் அசையவில்லை.

என் கணவர் வெண்டெல் போனை என் போர்வை மேல் போட்டு, ஸ்பீக்கரில், கம்பெனியின் தானியங்கிக் குரலோடு நாற்பது நிமிடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மனுஷன்! ஒரு மனுஷனைக் கூப்பிடு!"

"உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது குரல்.

இல்லாத சரக்குக்கு நன்றி சொல்கிற வியாபாரியை இன்றுதான் பார்க்கிறேன். நான் டொலீடோ நகரத்தில் பழைய கார் விற்றவர் மகள். எதிராளிக்குப் பசிக்கும்வரை பேரத்தை விட்டு எழுந்திருக்காதே என்பார் அப்பா. இதற்குப் பசியே கிடையாது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அது காபி குடிக்கப் போகாது, வெண்டெல். நீயாவது போய்க் குடி."

கடைசியில் ரொஷெல் என்று ஒருத்தி லைனில் வந்தாள். மனுஷிதான். பேசுவதற்கு முன் தும்மினாள்.

"எல்லாத்தையும் பார்த்துட்டேன் சார். மேடத்தால நடக்க முடியாதுன்னு எனக்கே தெரியுது."

"அப்ப ஒரு வாரம் கூட்டிப் போடும்மா."

"முடியாது சார். கம்ப்யூட்டர் சொன்னதுக்கு மேல ஒரு நாள் கூட்டினாலும் என் வேலை போயிடும். விதி அப்படி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த முட்டாள் போட்ட விதிம்மா அது?"

"பேர் இருக்கு மேடம். எங்க எல்லார் மேஜையிலயும் ஒட்டியிருக்கு. வெண்டெல் ஹாட்ச்..." அங்கேயே நின்றுவிட்டாள். "ஐயோ. மன்னிச்சுக்கோங்க சார்."

போனை எடுக்க வெண்டெல் கை நீட்டினார். என் கை முந்திக்கொண்டது. உடைந்தது இடுப்புதானே.

மூன்று வருடத்துக்கு முன் இதே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது, செலவைக் குறைத்தவர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். நான் கைதட்டினேன். எதைக் குறைத்தார் என்று கேட்கவில்லை.

வெண்டெல் தொண்டையைச் செருமினார். அவருக்குள் இருந்த பழைய அதிகாரி கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார்.

"சரி, போட்டவன் நான்தானே? நானே சொல்றேன். கூட்டிப் போடு."

"யார் கேட்டாலும் கூட்டக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். ரெண்டாவது வரி. படிக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"படிம்மா" என்றேன். "மெதுவாப் படி. நான் எங்கேயும் எழுந்து போகப் போறதில்ல."